பாட்டுக்கு நடுவில் பேசியது

எண்பதுகளின் நடுவில் அருப்புக்கோட்டையில் மூன்று பாட்டுக் கச்சேரிக் குழுக்கள் இருந்தன. இரண்டு குழுக்காரர்கள் சினிமாப் பாட்டை ரிக்கார்டில் இருக்கிற மாதிரியே பாடிக் கைதட்டு வாங்குவார்கள். மூன்றாவது குழுவும் சினிமாப் பாட்டுத்தான் பாடியது. ஆனால் திருவிழாக் கமிட்டிக்காரர்கள் டீ குடிக்கப் போன நேரம் பார்த்து, சொந்தப் பாட்டு ஒன்றை நடுவில் செருகிவிடுவார்கள். அந்த ஒரு பாட்டுக்காக நாங்கள் ஆறேழு பையன்கள் அவர்கள் கச்சேரி நடக்கிற ஊருக்கெல்லாம் போனோம்.

குழுவில் நாலு பேர். பாடுகிறவர் நூல் மில்லில் வேலை பார்த்தார். திருச்சுழிப் பக்கத்துக் கிராமத்து விவசாயக் குடும்பம். கிட்டார் வாசித்தவர் லாரி புக்கிங் ஆபீசில் கிளார்க். மற்ற இருவரும் டிரம்ஸும் கீபோர்டும். பாடகர் ஒல்லியாக, கழுத்து நரம்பு தெரிய இருப்பார். சினிமாப் பாட்டைப் பாடும்போது பத்தோடு பதினொன்றாகத்தான் தெரிவார். சொந்தப் பாட்டுக்கு வந்ததும் ஆள் மாறிவிடும். மைக்கை வாயோடு ஒட்ட வைத்துக்கொண்டு, எங்கள் பக்கத்துப் பேச்சிலேயே, பாதி பாட்டாகவும் பாதி சண்டையாகவும் பாடுவார். மில் சங்கைப் பற்றி ஒரு பாட்டு. கருவேலங்கட்டையை எரித்துக் கரிமூட்டம் போடுகிறவனின் இருமலைப் பற்றி ஒரு பாட்டு. கூடிவந்துவிட்டுப் பெய்யாமல் போன மேகத்தைத் திட்டி ஒரு பாட்டு. அதுவரை பாட்டு என்பது ஆறும் தோப்பும் உள்ள ஊர்க்காரர்கள் சமாச்சாரம் என்று நினைத்திருந்தேன்.

என் அப்பாவுக்குப் பாளையம்பட்டியில் பலசரக்குக் கடை. கல்லூரி முடித்துவிட்டு நானும் கல்லாவில் உட்கார்ந்தேன். என்னோடு படித்த கூட்டாளி ஒருவன் திருச்சுழிக்குப் பக்கத்தில் மானாவாரி நிலம் உள்ள வீட்டுப் பையன். மல்லி, மிளகாய் மூடையைக் கமிஷன் கடைக்குக் கொண்டுவரும் நாளெல்லாம் எங்கள் கடையில் வந்து உட்காருவான். இரண்டு பேருக்கும் பேச்சு அந்தக் குழுவைப் பற்றித்தான்.

ஆனால் அதற்குள் குழு இல்லாமல் போயிருந்தது. மில்லில் ஆட்குறைப்பு வந்தபோது பாடகருக்கு வேலை போனது. மழை தொடர்ந்து பொய்த்ததில் ஊர்ப் பொங்கல் திருவிழாக்கள் சுருங்கின. வரி பிரித்துக் கச்சேரி வைக்க எந்த ஊருக்கும் தெம்பில்லை. கீபோர்டுக்காரர் திருப்பூருக்குப் போனார், டிரம்ஸ்காரர் மாமனார் ஊரோடு போனார். பாடகரைப் பற்றி மட்டும் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். சென்னையில் சினிமாக் கம்பெனியில் இருக்கிறார் என்று ஒருவர், பம்பாய் போய்விட்டார் என்று இன்னொருவர். சினிமாக் கம்பெனி என்பது எங்களுக்குப் பிடித்திருந்ததால் அதையே நம்பினோம்.

கேசட் விஷயம் கிட்டார்க்காரர் மூலமாகத்தான் தெரிந்தது. லோடு போடுவதற்காகப் புக்கிங் ஆபீசுக்குப் போனபோது, கார்பன் பேப்பரில் விரல் கறுத்துப்போய் உட்கார்ந்திருந்தார். அவருடைய ரசிகன் என்று சொல்லிக்கொண்டு நான் பக்கத்தில் நின்றதே அவருக்குக் கூச்சமாக இருந்தது.

"அதெல்லாம் முடிஞ்ச கதை தம்பி. மேடையில நாங்க வாசிச்சது எல்லாம் ஒண்ணுமே இல்ல. கச்சேரிக்கே போகாத காலத்துல, சும்மா ஒரு ரூமுக்குள்ள உக்காந்து ஒம்பது பாட்டுப் பதிஞ்சோம். மதுரையில ஒரு கம்பெனிக்குக் குடுக்கணும்னு. அதுதான் எங்க பாட்டு."

"அந்தக் கேசட்டு எங்கண்ணே?"

"ரெண்டே ரெண்டு. ஒண்ணு பாடுனவன் கையில. இன்னொண்ணு பிரதி போட்ட ரிக்கார்டிங் சென்டர்ல. கம்பெனிக்காரன் கேக்கக்கூட இல்ல."

ஒன்பது பாட்டு. மேடையில் நாங்கள் கேட்டிருந்தது மொத்தம் நாலுதான். மீதி ஐந்து எப்படி இருக்கும் என்று நினைத்து நினைத்து அன்று இரவு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை.

ரிக்கார்டிங் சென்டர் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு மாடிப்படிக்குக் கீழே இருந்தது. வெறும் கேசட்டையும் பாட்டுப் பட்டியலையும் கொடுத்தால் பதிந்து தருவார்கள். கடைக்காரர் எங்கள் விஷயத்தைக் கேட்டதும் தலையில் கைவைத்துக்கொண்டார்.

"மாலை போடுற சீசன்ல வெறும் கேசட்டுக்குத் தட்டுப்பாடு தம்பி. அது மேலயே சாமி பாட்டுப் பதிஞ்சுட்டேன்."

அந்தக் கேசட்டை எடுத்துப் போட்டும் காட்டினார். சரண கோஷம், பஜனை, கைத்தாளம். எல்லாம் ஓடி முடிந்து, டேப் தீர்வதற்கு முன்னால் சாமி பாட்டு நின்றது. அதற்குப் பிறகு ஒரு கிட்டார் சத்தம் வந்தது. அதன்மேல் பாடகரின் குரல், "மேகமே ஒன் மூஞ்சியில..." என்று ஒரே ஒரு இழுப்பு. டக்கென்று முடிந்துவிட்டது. என் கூட்டாளி என் கையைப் பிடித்துக்கொண்டான். அந்தத் துண்டை எத்தனை முறை போடச் சொன்னோம் என்று தெரியவில்லை. கடைக்காரர் கேசட்டையே கொடுத்து அனுப்பிவிட்டார்.

இதற்குப் பிறகு எங்களுக்கு வெறி பிடித்துவிட்டது. இன்னொரு கேசட் பாடகர் கையில் இருக்கிறது. அவர் எங்கே என்று தெரிந்தால் போதும் என்று அவருடைய கிராமத்துக்குக் கிளம்பினோம். திருச்சுழி போய் இறங்கி, கூட்டாளியின் மொபெட்டில் இரண்டு பக்கமும் கருவேலமுள் அடைத்துக் கிடந்த பாதையில் போனோம். சித்திரை மாதம். கண்மாய் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது.

வீட்டு வாசலில் மொபெட் நின்ற சத்தம் கேட்டு ஒரு பெண் உள்ளேயிருந்து ஓடிவந்தார். கையில் மாவு. முப்பது வயதுக்குள் இருக்கும். எங்களை மாறி மாறிப் பார்த்தார்.

"அவுகளப் பாத்தீகளா? அவுகதான் அனுப்பிவிட்டாகளா?"

பாடகருக்குக் கல்யாணம் ஆனதே அப்போதுதான் தெரியும். அவர் காணாமல் போனவர் என்பதும் அப்போதுதான் தெரியும். மதுரைக் கம்பெனிக்கு இன்னொரு தடவை கேசட்டைக் கொடுத்துப் பார்க்கிறேன் என்று காலைப் பஸ்ஸுக்குப் போனவர், மூன்று வருடமாகத் திரும்பி வரவில்லை. போவதற்கு முதல் நாள் அவருக்கும் அவருடைய அப்பாவுக்கும் பெரிய சண்டை நடந்திருக்கிறது. மில் வேலையும் போன பிறகு காட்டு வேலைக்கு வராமல் பாட்டைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் எந்த அப்பாதான் சும்மா இருப்பார்?

அந்த அப்பா வேலியடைத்துக்கொண்டு இருந்தவர், அரிவாளோடு வந்து நின்றார். நாங்கள் கேசட்டைத் தேடி வந்திருக்கிறோம் என்று கேட்டதும் காறித் துப்பினார்.

"பெத்தவன் ஆளத் தேடுறேன். நீங்க பாட்டத் தேடி வந்துட்டீகளாக்கும்."

நாங்கள் கிளம்பப் பார்த்தோம். அந்த அக்கா மட்டும் விடவில்லை. அந்தச் சாமிப் பாட்டுக் கேசட் எங்களிடம் இருப்பதைச் சொன்னதும், எங்கே கிடைத்தது, யார் கொடுத்தது, அவர் அங்கே வந்தாரா என்று துருவித் துருவிக் கேட்டார். தெரிந்ததையெல்லாம் சொன்னோம். முடிவாக, "இன்னொண்ணு எங்க இருக்குன்னு தெரிஞ்சா என்கிட்டச் சொல்லுங்க தம்பி. அத அவுக கையவிட்டு இறக்க மாட்டாக. அது எங்கயோ, அவுகளும் அங்கதான்" என்றார்.

அதற்குப் பிறகு அந்தக் குடும்பத்தைப் பற்றிக் கூட்டாளி விசாரித்துச் சொன்னான். பிள்ளை இல்லை. புருஷன் போனதற்கும் மழை பெய்யாததற்கும் அந்த அக்காவின் ராசிதான் காரணம் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். நல்லது கெட்டதுக்கு யாரும் முன்னால் கூப்பிடுவதில்லை. பூ வைத்தால் ஒரு பேச்சு, வைக்காவிட்டால் ஒரு பேச்சு.

ஆடி மாதம் ரிக்கார்டிங் சென்டர்க்காரரே ஆள் விட்டு என்னைக் கூப்பிட்டார். அவருடைய மச்சினன் நரிக்குடிப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது, குழாய் ஸ்பீக்கரில் மில் சங்குப் பாட்டைக் கேட்டானாம். அவன் அதை முன்னாலேயே அந்த மாடிப்படிக் கடையில் கேட்டிருக்கிறான். மறந்துபோய், இப்போது பேச்சுவாக்கில் சொல்லியிருக்கிறான். அந்தக் கல்யாணத்தில் கேட்டு இரண்டு வருடத்துக்கு மேல் இருக்கும்.

"மைக் செட்டு யாரோடதுன்னு கேட்டீங்களாண்ணே?"

"வீரசோழன் ஊருல இருக்குற ஒரு பாயோடதுன்னான்."

நாங்கள் மட்டும் போய்விட்டு வரலாம் என்றுதான் நான் சொன்னேன். கூட்டாளி கேட்கவில்லை. "அந்தக்காகிட்டச் சொல்லாமப் போனா நாளைக்கு நம்ம மொகத்துல முழிக்க முடியாதுலே" என்றான். போய்ச் சொன்னோம். அக்காவின் மாமனார், "சாயந்தரப் பஸ்ஸுக்குத் திரும்பிரணும்" என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் திருச்சுழி பஸ் ஸ்டாண்டுக்கு அக்கா வந்தார். கல்யாணத்துக்கு எடுத்ததாக இருக்கும், ஒரு அரக்குப் பட்டுச் சேலை கட்டியிருந்தார். தலை நிறையப் பூ. கையில் தூக்குவாளி.

"புளிச்சோறு. அவுகளுக்குப் பிடிக்கும்."

பஸ்ஸில் பெண்கள் பக்கத்து சீட்டில் வாளியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வழியில் ஒவ்வொரு ஊரிலும் எட்டிப் பார்த்து ஊர்ப் பெயரைக் கண்டக்டரிடம் கேட்டுக்கொண்டே வந்தார். இறங்க வேண்டிய ஊர் வருவதற்கு முன்னால் முகத்தைத் துடைத்துப் பொட்டைச் சரி செய்துகொண்டார். நானும் கூட்டாளியும் பின் சீட்டில் இருந்தோம். ஒருவேளை அவர் அங்கே இருந்துவிட்டால், முதலில் எந்தப் பாட்டைப் பற்றிக் கேட்பது என்று நாங்கள் பேசிக்கொண்டிருந்தோம்.

மைக் செட் கடை கடைத்தெருவை ஒட்டிய சந்தில் இருந்தது. குழாய்கள் அடுக்கிக் கிடந்தன. வயர் சுருள்களுக்கு நடுவே தொப்பி போட்ட பெரியவர் ஒருவர் ஒரு குழாயின் யூனிட்டைத் திறந்து ஈயம் பற்றவைத்துக்கொண்டிருந்தார். நான் விஷயத்தைச் சொன்னேன். மில் சங்குப் பாட்டு, ஒல்லியான ஆள், கழுத்து நரம்பு தெரியும், கையில் கேசட் வைத்திருப்பார். சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவர் என்னை விட்டுவிட்டு அக்காவைப் பார்த்தார். பட்டுச் சேலையையும் பூவையும் வாளியையும் பார்த்தார். பற்றவைக்கும் கோலைக் கீழே வைத்தார்.

"உக்காருங்கம்மா" என்றார்.

"அவுக இங்க இருக்காகளா?"

"மொதல்ல உக்காருங்கம்மா."

உள்ளே குரல் கொடுத்துத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். அவருடைய மனைவி செம்போடு வந்து, அக்காவைப் பார்த்ததும் அப்படியே கதவோரம் நின்றுவிட்டார். பாய் யாரையும் பார்க்காமல் பேசினார்.

"மதுரையில இருந்து நடந்தும் லாரியிலயும் வந்தேன்னு சொன்னாரு. கம்பெனி வாசல்ல ஒரு வாரம் கெடந்திருக்காரு, உள்ளயே விடலயாம். எந்த ஊருன்னு கேட்டா சொல்ல மாட்டாரு. வீட்டுல யாரும் இல்லேன்னாரு. சத்தம் பத்தி நல்லாத் தெரிஞ்ச ஆளு. எந்தக் கொழாய எந்தத் திசைக்குத் திருப்பணும்னு அவரு கண்ணாலயே சொல்லிருவாரு. வச்சுக்கிட்டேன். எட்டு மாசம் இந்தக் கடையிலதான் இருந்தாரு."

"இப்ப எங்க?"

"கமுதிப் பக்கம் ஒரு ஊர்ப் பொங்கல். கொழாய் கட்டப் பனையில ஏறுனாரு. மழை பெஞ்சு விட்டிருந்துச்சு. மேல போன கரண்டுக் கம்பி..."

கதவோரம் நின்ற அம்மா செம்பைக் கீழே வைத்துவிட்டு வந்து அக்காவின் தோளைப் பிடித்துக்கொண்டார். அக்கா அழவில்லை. "எப்ப?" என்றார். இரண்டு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது என்றார் பாய். போலீசுக்குச் சொல்லியிருக்கிறார்கள். ஆஸ்பத்திரியில் வைத்திருந்து பார்த்தார்கள். ஊர் தெரியாது, தேடி வர ஆளில்லை. கடைசியில் அந்த ஊர்க்காரர்களும் பாயும் சேர்ந்து, அவர் இந்து என்பதால் அந்த முறைப்படியே கண்மாய்க் கரையில் புதைத்திருக்கிறார்கள்.

"எங்க ஊரு இங்கருந்து பஸ்ஸுல ஒரு மணி நேரம்" என்றார் அக்கா. யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. பிறகு பாயைப் பார்த்து, "எங்க ஊர்ப் பக்கம் நீங்க கொழாய் கட்ட வந்ததே இல்லியா?" என்று கேட்டு, ஊர்ப் பெயரைச் சொன்னார்.

"வந்திருக்கேம்மா. திருச்சுழிப் பக்கம் லோடு ஏத்துனா அன்னைக்கு மட்டும் அவரு காய்ச்சல்னு படுத்துக்குவாரு. எனக்கு அப்ப விளங்கல."

பாய் பரணில் ஏறி ஒரு ரெக்சின் பையை இறக்கினார். தூசியைத் தன் தோள் துண்டால் துடைத்துவிட்டுக் கொடுத்தார். அதில் இரண்டு சட்டை, ஒரு கைலி, சீப்பு. பிளாஸ்டிக் காகிதத்தில் சுற்றிய ஒரு கேசட். கூட்டாளி என் தொடையில் கை வைத்து அழுத்தினான். அந்த நேரத்திலும் என் கண் அந்தக் கேசட்டை விட்டு நகரவில்லை.

"கல்யாண வீட்டுலயோ கோயில்லயோ சனம் வர்றதுக்கு முந்தி, செட்டு சரியா இருக்கான்னு பாக்க இதத்தான் போடுவாரு. காலி இடத்துல அவரு பாட்டு ஓடும். சனம் வர ஆரம்பிச்சதும் நிப்பாட்டிட்டு வேற போட்ருவாரு. யாரு பாட்டுன்னு கேட்டா, தெரியாது, எங்கயோ கெடந்துச்சும்பாரு" என்றார் பாய்.

அக்கா கேசட்டை அவரிடமே நீட்டினார். "போடுங்க."

பாய் ஒரு சின்னப் பெட்டி ஸ்பீக்கரில் இணைத்துப் போட்டார். முதலில் இரைச்சல். பிறகு கிட்டார், அது மேடையில் கேட்டதை விடக் கரகரவென்று, இன்னும் பழகாத கையாக இருந்தது. பிறகு அவர் பாடத் தொடங்கினார். இத்தனை மாதம் நாங்கள் தேடிய பாட்டு. எங்களுக்குத் தெரியாத ஐந்தில் அது ஒன்று. பக்கத்தில் ஒரு பெண் புருஷன் செத்த சேதியைக் கேட்டு உட்கார்ந்திருக்கிறார். அதன் நடுவே பாட்டு நன்றாக இருந்தது. அதை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை, தலையைக் குனிந்துகொண்டேன்.

பாட்டு முடிந்தது. கிட்டார் நின்றதும் டேப்பில் ஏதோ நாற்காலி நகர்ந்தது. பிறகு அவருடைய பேச்சுக் குரல்.

"ஏலே, அந்த ஃபேன அமத்து. சத்தம் உள்ள விழுது... இல்ல, இருக்கட்டும், வேர்த்து ஊத்துது... டீ சொன்னியா? எனக்குச் சீனி கம்மியா."

யாரோ சிரித்தார்கள். அடுத்த பாட்டுக்குக் கிட்டார் தொடங்கியது.

அக்கா கையை உயர்த்தினார். "நிப்பாட்டுங்க. அதத் திருப்பிப் போடுங்க."

பாய் பாட்டை முதலிலிருந்து போடப் போனார்.

"பாட்டு வேணாம். பேசுனாகள்ல. அது."

திருப்பிப் போட்டார். ஃபேன், வேர்வை, டீ, சீனி. அக்காவின் உதடு கூடவே அசைந்தது. "சீனி கம்மியாத்தான் குடிப்பாக" என்றார். அப்போதுதான் அழத் தொடங்கினார். பாயின் மனைவி கட்டிப் பிடித்துக்கொண்டு தானும் அழுதார்.

அழுது முடித்த பிறகு அக்கா, அடுத்த பேச்சுக்கு ஓட்டச் சொன்னார். பாய் ஒவ்வொரு பாட்டையும் ஓட்டி ஓட்டி, பாட்டுக்கு நடுவில் பேசியதை மட்டும் தேடிப் போட்டார். ஓடுகிற டேப்பில் அந்தப் பாட்டுகளெல்லாம் கீச்கீச்சென்று குருவிச் சத்தமாகக் கடந்து போயின. நாங்கள் அவற்றுக்காகத்தான் வந்தவர்கள். ஒரு இடத்தில் யாரோ எதையோ தட்டிவிட, அவர் திட்டினார். இன்னொரு இடத்தில் இருமிவிட்டு, "வீட்டுல சொல்லாம வந்துட்டேன்ப்பா, சீக்கிரம் முடிங்க" என்றார். அது அக்காவைக் கட்டுவதற்கு முந்திய காலம். அப்போது அவருக்கு அக்காவை யாரென்றே தெரியாது. ஆனாலும் அக்கா அந்த இடத்தைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டார்.

திரும்பும் பஸ்ஸில் அக்கா தலையில் பூ இல்லை. எங்கே எடுத்துப் போட்டார் என்று நான் கவனிக்கவில்லை. திருச்சுழியில் இறங்கியதும், ஸ்டாண்டில் ஒரு ஓரமாக நின்று தூக்குவாளியைத் திறந்தார்.

"கெட்டுப்போயிரும். சாப்பிடுங்க தம்பி."

"வேணாம்க்கா."

"சாப்பிடுங்க. இத நான் அந்த வீட்டுக்குத் திருப்பிக் கொண்டு போக முடியாது."

வாளி மூடியில் ஒரு பங்கும், காகிதத்தில் ஒரு பங்குமாக வைத்துக் கொடுத்தார். பஸ்ஸுக்கு நின்ற ஆட்கள் பார்க்க, நாங்கள் இரண்டு பேரும் நின்றபடி அந்தச் சோற்றைச் சாப்பிட்டோம். மீதம் வைக்க முடியவில்லை.

வீட்டில் சொன்னபோது மாமனார் நம்பவில்லை. "எவனோ சொன்னான்னா என் மகன் செத்துட்டானா? போங்கலே" என்று எங்களைத் திட்டினார். பையிலிருந்து சட்டையை எடுத்துக் காட்டினார் அக்கா. காலரில் கிழிந்த இடம் வேறு நிற நூலால் தைக்கப்பட்டிருந்தது, அக்காவே தைத்தது. பெரியவர் அந்தக் காலரைப் பிடித்துக்கொண்டு கட்டுத்தறிப் பக்கம் போய் உட்கார்ந்தார். சத்தமே வரவில்லை. முதுகு மட்டும் குலுங்கியது.

ஒரு வாரம் கழித்துப் பாய் கூட வந்து அந்தக் கண்மாய்க் கரையைக் காட்டினார். அந்த இடம் முழுக்கக் கருவேலமுள் மண்டிவிட்டது. "இந்த இடந்தான்" என்று ஒரு இடத்தைக் காட்டினார். பத்தடி தள்ளிப் போய், "இல்ல, இதா இருக்கும்" என்றார். பெரியவர் இரண்டு இடத்திலும் தண்ணீர் தெளித்தார். அதோடு அக்காவுக்குச் செய்ய வேண்டியதையெல்லாம் ஊர் கூட்டிச் செய்தார்கள். நான் போகவில்லை. கூட்டாளி போய்விட்டு வந்து இரண்டு நாள் கடைக்கு வரவில்லை.

கேசட் அக்காவிடம்தான் இருந்தது. ஒரு நாள் மட்டும் எங்களுக்குக் கொடுத்தார். கிட்டார்க்காரரைக் கூட்டிக்கொண்டு அந்த மாடிப்படிக் கடையில் பிரதி எடுத்தோம். அவர் முழுவதும் கேட்கவில்லை. இரண்டாவது பாட்டிலேயே, "என்ன வாசிப்பு இது, கண்றாவி" என்று சொல்லிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு ஆபீசுக்குப் போய்விட்டார். பிரதியைக் கேட்டு மற்ற ரசிகர்கள் வந்தார்கள். ஒருவன், "இதுக்கா இம்புட்டு அலைஞ்சீக?" என்றான். இன்னொருவன் எங்கள் கடையிலேயே அழுதான். கொஞ்ச காலத்துக்கு அந்தப் பாட்டுகள் கை மாறிக் கை மாறி எங்கள் பக்கம் சுற்றின. பிறகு எல்லாருக்கும் கல்யாணம், கடை, லோன். கூட்டாளியும் விவசாயத்தை விட்டுவிட்டுத் திருப்பூர் போனான்.

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு மதியம் அக்கா எங்கள் கடைக்கு வந்தார். கூடவே அவருடைய அண்ணன். கமுதிப் பக்கம் மனைவியை இழந்த ஒருவருக்கு இரண்டாம் தாரமாகப் பேசி முடித்திருந்தார்கள். அவருக்கு இரண்டு பெண் குழந்தைகள். மாமனார் இறந்த பிறகு அந்த வீட்டில் அக்காவுக்கு இடமில்லாமல் போயிருந்தது. வேண்டி விரும்பிப் போகிற முகமாகத் தெரியவில்லை. அதைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை என்கிற மாதிரி இருந்தார்.

அண்ணன் கடையில் சாமான் வாங்கிக்கொண்டிருக்கும்போது, அக்கா மஞ்சள் பையிலிருந்து அந்தக் கேசட்டை எடுத்து என்னிடம் கொடுத்தார்.

"அந்த வீட்டுக்கு இதக் கொண்டு போக முடியாது தம்பி. ஒங்ககிட்டயே இருக்கட்டும்."

"இன்னும் கேக்குறீங்களாக்கா?"

"பேசுற எடமெல்லாம் தேஞ்சு போச்சு. இப்ப இரைச்சல்தான். பாட்டு மட்டும் புதுசா அப்படியே இருக்கு." மஞ்சள் பையை மடித்துக்கொண்டார். "நான் ஒரு பாட்டக்கூட முழுசாக் கேட்டதில்ல. எல்லாரும் இப்படித் தேடுனீகளே. நெசமாவே நல்லாருக்கா தம்பி?"

எல்லாம் நன்றாக இருக்கிறது என்று சொல்ல வாய் வந்தது. அந்த முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை.

"நாலு பாட்டு ரொம்ப நல்லாருக்கும்க்கா. வேற யாரும் அப்படிப் பாடுனதில்ல. மத்தது சுமார்தான். அப்ப அவருக்குச் சின்ன வயசு."

"நாலு" என்றார் அக்கா. சொல்லிப் பார்த்துக்கொள்கிற மாதிரி இருந்தது. அண்ணன் சாமான் பையைத் தூக்கிக்கொண்டு, "பஸ்ஸு வந்துரும், வா" என்று கூப்பிட்டார். "வாரேன் தம்பி" என்று சொல்லிவிட்டு, சாமானில் பாதியை அண்ணன் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, அவருக்குப் பின்னால் ரோட்டைத் தாண்டிப் போனார்.